பெட்ரியோட தொடையும் அந்த 73 மேட்ச்சும்

மேட்ச் நல்லா ஓடிட்டு இருக்கும்போது, பார்சிலோனா ஃபுட்பால் டீமோட மிட்ஃபீல்டர் பெட்ரி ஒரு செகண்ட் நின்னு குனிஞ்சான்னா எனக்கு வயித்தைக் கலக்கிடும். ஷூ லேஸ் கட்டறானா, மூச்சு வாங்கறானா, இல்ல கை பின்னந்தொடைப் பக்கம் போகுதா? அதைப் பாத்து முடிக்கிற வரைக்கும் பால் எங்க இருக்கு, ஸ்கோர் என்ன, எதுவும் மண்டைல ஏறாது. அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு அவனைப் பாக்க ஆரம்பிச்சு, இந்தப் பயம் மட்டும் போகவே இல்ல. ஏன்னு கொஞ்சம் விலாவாரியா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: முழுப் பேரு பெட்ரோ கொன்சாலெஸ் லோபெஸ். 2002 நவம்பர் 25ல பொறந்தவன். ஸ்பெயினோட கேனரி தீவுகள்ல டெனெரிஃப்னு ஒரு தீவு இருக்கு, அதுல டெகெஸ்டேன்னு ஒரு சின்ன ஊர். மேப்ல பாத்தா ஸ்பெயினை விட ஆப்பிரிக்கக் கரை தான் அதுக்குப் பக்கம். அங்க அவங்க குடும்பத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. தாத்தா 1994ல அந்த ஊர்ல பார்சிலோனா ரசிகர் மன்றம் ஆரம்பிச்சவர், அதாவது இவன் பொறக்கறதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே. அந்த வீட்ல பொறந்த பையன் வேற எந்த டீமுக்கு ஆசைப்படுவான் சொல்லுங்க. 2010 உலகக் கோப்பை ஃபைனல்ல 116வது நிமிஷத்துல இனியெஸ்டா அந்த கோல் போட்டப்போ இவனுக்கு ஏழு வயசு. இனியெஸ்டா மாதிரி ஆகணும்னு அந்த வயசுல ஸ்பெயின்ல எத்தனையோ பசங்க நினைச்சிருப்பாங்க, இவன் பதிமூணு வருஷத்துல அதே 8ம் நம்பர் ஜெர்ஸிய அதே கிளப்ல வாங்கிப் போட்டுக்கிட்டான்.

நடுவுல ஒரு விஷயம் நடந்தது. 15 வயசுல ரியல் மாட்ரிட் ட்ரயலுக்குக் கூப்பிட்டாங்க, போனான். போன நேரம் பனி கொட்டி ட்ரெயினிங்கே சரியா நடக்கல. கடைசில லெவல் பத்தலன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, இதை அவனே பின்னாடி பேட்டில சொன்னான். கேனரி தீவுல இருந்து வந்த பையனோட தலையெழுத்தைப் பனி மாத்திடுச்சு. அதுக்கப்புறம் கேனரி தீவுகள்லயே இருக்கிற லாஸ் பால்மாஸ் கிளப் எடுத்துக்கிட்டாங்க. 2019 ஆகஸ்ட்ல 16 வயசுல ரெண்டாவது டிவிஷன்ல நேரா சீனியர் டீம்ல இறங்கினான், பெப்பே மெல்னு ஒரு கோச், அவர் தான் நம்பி இறக்கினார். செப்டம்பர் 2ம் தேதியே பார்சிலோனா 50 லட்சம் யூரோவுக்கு ஒப்பந்தம் போட்டுடுச்சு. அடுத்த சீசன்ல இருந்து வரணும்னு பேச்சு. இன்னைக்கு ஃபுட்பால்ல புழங்கற பணத்துக்கு 50 லட்சம் யூரோ ஒண்ணுமே இல்ல.

அப்படி என்ன தான் ஆடறான்னு கேக்கறவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஏன்னா ஹைலைட்ஸ் பாத்தா பெட்ரி தெரிய மாட்டான். கோல் கம்மி, முப்பது மீட்டர் பாய்ஞ்சு ஓடறதும் கம்மி. முழு மேட்ச்சும் உக்காந்து அவனை மட்டும் பாக்கணும். பால் அவன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி கழுத்து மட்டும் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பும், சமயத்துல மூணு தடவை கூட. அப்பவே பின்னாடி யார் எவ்வளவு தூரத்துல வர்றான்னு கணக்கு போட்டாச்சு. பால் வரும்போது உடம்பைப் பாதி திருப்பி நிப்பான், அதனால முதல் டச்சுலயே எதிராளியை முதுகுல விட்டுட்டு முன்னாடி பாத்து நிப்பான். துரத்தி வந்தவன் இன்னும் ரெண்டு அடி ஓடிட்டு இருப்பான், அவனுக்குத் தெரியவே தெரியாது பால் போயிடுச்சுன்னு. அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம். எல்லாரும் வேகமா போகும்போது இவன் மட்டும் அரை செகண்ட் காலை பால் மேல வெச்சு நிறுத்துவான், அந்த அரை செகண்ட்ல ஒரு டிஃபெண்டர் ஆசைப்பட்டு முன்னாடி வருவான், அவன் விட்டுட்டு வந்த இடத்துல பாஸ் போகும். ஸ்பெயின்ல இதுக்கு லா பௌசான்னே பேர் இருக்கு. வேகத்தைச் சொல்லிக் கொடுக்கலாம், நிறுத்தறதைச் சொல்லிக் கொடுக்கறது ரொம்பக் கஷ்டம்.

2021 ஜனவரி 6, சான் மாமேஸ் ஸ்டேடியத்துல அத்லெடிக் பில்பாவ் கூட மேட்ச். எனக்கு அவன் மேல பைத்தியம் பிடிச்சது அன்னைக்குத் தான். முதல்ல தலையால ஒரு கோல், சரி பரவாயில்லன்னு உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு மெஸ்ஸி கூட பாஸ் மாத்தி மாத்தி பாக்ஸுக்குள்ள போறான், பால் வந்ததும் திரும்பிக்கூட பாக்காம குதிகாலால பின்னாடி தட்டி விடறான், மெஸ்ஸி அங்க வந்து கோல் போடறார். 18 வயசு முடிஞ்சு ஒண்ணரை மாசம் ஆகுது பையனுக்கு. அவர் எங்க வருவார்னு பாக்காமலே தெரிஞ்சிருக்கு. மெஸ்ஸிக்கு பார்சால அது தான் கடைசி சீசன், இவனுக்கு முதல் சீசன், ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினது அந்த ஒரே ஒரு வருஷம். அதுவும் கொரோனா காலம், ஸ்டேடியத்துல ஈ காக்கா இல்ல. தாத்தா காலத்துல இருந்து பார்சா பார்சான்னு வாழ்ந்த வீட்டுப் பையன் பார்சாவோட கேம்ப் நௌ ஸ்டேடியத்துல ஆடற முதல் சீசன்ல கைதட்ட ஒரு ஆள் கிடையாது. அதை நினைச்சா இப்பவும் எனக்கு என்னமோ பண்ணும்.

அந்த சீசன் தான் விஷயமே. கோமன் கோச். ரொட்டேஷன்ல அப்பப்ப இறக்குவாங்கன்னு நினைச்ச பையனை வாரத்துக்கு ரெண்டு மேட்ச்னு இறக்கிட்டே இருந்தாங்க. கிளப்புக்கு மட்டும் 52 மேட்ச். ஏப்ரல்ல ஸ்பெயின் கிளப்புங்களோட கோப்பையான கோபா டெல் ரே ஜெயிச்சாங்க. அது முடிஞ்சதும் ஐரோப்பிய நாடுகளோட யூரோ கோப்பை, ஸ்பெயின் கோச் லூயிஸ் என்ரிக்கே இவனை எடுத்தார், 26ம் நம்பர் ஜெர்ஸி. ஆறு மேட்ச், அதுல மூணு எக்ஸ்ட்ரா டைம், மொத்தம் 630 நிமிஷம் ஸ்பெயின் ஆடிச்சு. பெட்ரி ஆடினது 629. ஒரே ஒரு நிமிஷம் தான் வெளிய உக்காந்தான்.

குரோஷியா மேட்ச்சை மட்டும் கொஞ்சம் சொல்லிடறேன். பாதி மைதானத்துக்குப் பக்கத்துல இருந்து கீப்பருக்கு சாதாரணமா ஒரு பேக் பாஸ் கொடுத்தான், உனாய் சிமோன் காலால நிறுத்தப் போனார், பால் ஷூ மேல எகிறி நேரா கோலுக்குள்ள போயிடுச்சு. ரெக்கார்டுல யார் பேர்ல ஏறிச்சு? பெட்ரி ஓன் கோல், அதாவது சொந்த டீமுக்கு எதிராவே போட்ட கோல். எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு அன்னைக்கு. ஆனா அவனைப் பாருங்க, முகத்துல ஒண்ணும் இல்ல, அடுத்த பாலையும் வந்து கேட்டு வாங்கறான். ஒரு தப்பு நடந்ததும் பாலை வாங்காம ஒளியற மிட்ஃபீல்டர்களை நான் நிறைய பாத்திருக்கேன், நானே ஒளிஞ்சிருக்கேன், அதனால தான் இது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். அந்த மேட்ச்சை 5-3ன்னு எக்ஸ்ட்ரா டைம்ல ஜெயிச்சாங்க. அப்புறம் வெம்ப்ளில இத்தாலி கூட செமிஃபைனல், 90 நிமிஷத்துல ஒரு பாஸ் கூட தப்பல, எக்ஸ்ட்ரா டைமையும் சேர்த்தா 66ல 65. எதிர்ல இத்தாலியோட மிட்ஃபீல்டர்கள் ஜோர்ஜினியோவும் வெர்ராட்டியும். பெனால்டில தோத்தாங்க. இனியெஸ்டா கூட 18 வயசுல இப்படி ஆடலன்னு லூயிஸ் என்ரிக்கே சொன்னார், டோர்னமென்ட்டோட சிறந்த இளம் வீரர்னு விருதும் கொடுத்தாங்க.

இங்க நிறுத்தியிருக்கணும். இங்க யாராவது ஒருத்தர், போதும்பா வீட்டுக்குப் போய் தூங்குன்னு சொல்லியிருக்கணும். இத்தாலி மேட்ச் ஜூலை 6. ஜூலை 22 அன்னைக்கு அவன் ஜப்பான்ல எகிப்து கூட ஒலிம்பிக் மேட்ச் ஆடிட்டு இருக்கான். அங்கயும் ஆறு மேட்ச், அங்கயும் மூணு எக்ஸ்ட்ரா டைம். ஆகஸ்ட் 7 ஃபைனல்ல பிரேசில்கிட்ட 2-1ன்னு தோத்து வெள்ளி வாங்கினான். ஆகஸ்ட் 15 ஸ்பெயின் லீக்கான லா லிகாவோட முதல் மேட்ச், ரியல் சோசியதாத் கூட, எட்டே நாள் கேப், ஆரம்பத்துல இருந்தே இறக்கிட்டாங்க. ஒரே சீசன்ல எல்லாம் சேர்த்து 73 மேட்ச்.

நாங்க என்ன பண்ணோம்? கொண்டாடினோம். 73 மேட்ச்னு ஒரு படம் சுத்திச்சு, நானும் ஷேர் பண்ணேன், பையன் மெஷின்டான்னு எழுதி. அதை நினைச்சா இப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடும். 18 வயசுப் பையனோட உடம்பை செக்கு மாடு மாதிரி சுத்த விட்டுட்டு, எவ்வளவு எண்ணெய் வருது பாருன்னு பெருமைப்பட்டிருக்கோம்.

என் கதை ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம இதை எழுத முடியாது. காலேஜ் டீம்ல நானும் மிட்ஃபீல்ட் தான், பெரிய ஆட்டக்காரன்லாம் கிடையாது, ஆனா ஓடிட்டே இருப்பேன். ஒரு மேட்ச்ல பாலைத் துரத்திட்டு முழு வேகத்துல போறேன், பின்னந்தொடைல டப்புன்னு ஒரு அடி. யாரோ கல்லால அடிச்சிட்டாங்கன்னு நினைச்சு திரும்பிப் பாத்தேன், பின்னாடி யாருமே இல்ல. ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்னந்தொடைத் தசை, கிழிஞ்சவங்க நிறைய பேர் இதே மாதிரி தான் சொல்லுவாங்க, அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு. பத்து நாள்ல வலி போயிடுச்சு, நடக்க முடியுது, மெதுவா ஓட முடியுது. கோச் டேப் சுத்திட்டு இறங்குடா செமிஃபைனல்டான்னார். எனக்கும் ஆசை, இறங்கிட்டேன். இருபதாவது நிமிஷம் அதே இடம், இந்தத் தடவை விழுந்து எழுந்திருக்க முடியல, தூக்கிட்டுப் போனாங்க. ஃபிசியோ அக்கா ஒருத்தங்க காலை அழுத்திப் பாத்துட்டு கேட்டாங்க, சுவர் இருந்தா தானே தம்பி சித்திரம் வரைய முடியும், அந்தக் கோப்பைக்கு இந்தக் காலான்னு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஓடினேன், ஆனா முழு வேகம் எடுக்கவே இல்ல, உடம்பு விட்டாலும் மனசு விடாது.

அவங்க சொல்லித் தான் தெரியும், தசைக் காயத்துக்கு இருக்கிற பெரிய காரணங்கள்ல ஒண்ணு ஏற்கனவே அந்த இடத்துல காயம் பட்டிருக்கிறது. வலி போறது வேற, தசை ஆறறது வேற. ஆறின இடத்துல தழும்பு இருக்கும், அது பக்கத்துல இருக்கிற தசை மாதிரி இழுபடாது. களைச்ச தசைக்கு, வேகமா ஓடி கால் நீளும்போது வர்ற இழுவையைத் தாங்கற சக்தி குறையும். இதெல்லாம் கிளப்ல இருக்கிற டாக்டருங்களுக்குத் தெரியாதா, தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கே.

பெட்ரிக்கும் அப்படியே வரிசையா வந்துச்சு. 2021 செப்டம்பர் 14 பேயர்ன் மேட்ச்ல இடது தொடை. ரெண்டு வாரத்துல பென்ஃபிகா கூட இறங்கினான், மறுபடியும் அதே தொடை. ஜனவரி வரைக்கும் வெளிய. அந்த இடைவெளில தான் இளம் வீரர்களுக்கான கோல்டன் பாய், கோபா டிராஃபி விருது ரெண்டும் அவனுக்குக் கிடைச்சது, வேற கிளப் இழுக்கணும்னா 100 கோடி யூரோ கொடுக்கணும்னு ரிலீஸ் கிளாஸ் போட்டு காண்ட்ராக்டும் போட்டாங்க. உலகத்துலயே சிறந்த இளம் வீரர், கையெழுத்து போட முடியுது, மேடை ஏறி வாங்க முடியுது, ஆட மட்டும் முடியல.

திரும்பி வந்து 2022 ஏப்ரல் 3 செவியா மேட்ச்ல ஒரு கோல் போட்டான், இன்னைக்கும் மனசு சரியில்லைன்னா நான் அதை எடுத்துப் போட்டுப் பாப்பேன். பாக்ஸுக்கு வெளிய பால். அடிக்கப் போற மாதிரி காலைத் தூக்கறான், ஒருத்தன் சறுக்கிட்டு வந்து விழறான், அடிக்கல. இன்னொரு தடவை தூக்கறான், இன்னொருத்தன் விழறான், அப்பவும் அடிக்கல. எல்லாரும் தரையில கிடக்க, இவன் நின்னு நிதானமா ஓரத்துல தாழ்வா தள்ளி விட்டான். 1-0. பதினோரு நாள் கழிச்சு ஃப்ராங்க்ஃபர்ட் மேட்ச்ல மறுபடியும் தொடை, சீசன் அவ்வளவு தான்.

2023 பிப்ரவரில மான்செஸ்டர் யுனைடெட் கூட, இந்தத் தடவை வலது தொடை. அந்த வருஷம் சாவி கோச்சா இருந்து லீக் ஜெயிச்சாங்க, இவன் தான் அந்த டீமோட மூளை, ஆனா முக்கியமான ரெண்டு மாசம் இல்ல. 2024 மார்ச் 3, எனக்குப் பைத்தியம் பிடிக்க வெச்ச அதே சான் மாமேஸ், ஹாஃப் டைம் நெருங்கற நேரம், அழுதுகிட்டே வெளிய வந்தான். வலில வர்ற அழுகை வேற, மறுபடியுமான்னு வர்ற அழுகை வேற, அதை அனுபவிச்சவங்களுக்குப் பாத்ததும் தெரிஞ்சிடும். நான் டிவியை ஆஃப் பண்ணிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் யூரோ 2024 கால் இறுதி, ஸ்டட்கார்ட்ல ஜெர்மனி கூட. ஆரம்பிச்ச கையோட டோனி க்ரூஸ் வந்து மோதினார், முட்டில அடி, எட்டாவது நிமிஷம் வெளிய. இதுல அவன் தொடையைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனாலும் விதி பாருங்க. அவனுக்குப் பதிலா வந்த டானி ஓல்மோ கோல் போட்டான், ஸ்பெயின் ஜெயிச்சது, கடைசில கோப்பையே வாங்கிட்டாங்க. க்ரூஸுக்கு அது தான் கடைசி மேட்ச், அப்புறம் மன்னிப்பு கேட்டார், பெட்ரியும் பெருந்தன்மையா எடுத்துக்கிட்டான். இந்த மாதிரி நேரத்துல தான் அவன் வளர்ந்த வீட்டை நினைச்சுப்பேன்.

பெட்ரி மட்டும் இல்ல இதுல. அவன் கூட ஆடற காவி 2023 நவம்பர்ல ஸ்பெயினுக்காக ஆடும்போது முட்டி லிகமென்ட் போச்சு. 2024 செப்டம்பர்ல இன்னொரு ஸ்பெயின் மிட்ஃபீல்டர் ரோட்ரி, இப்படியே போனா நாங்க ஸ்டிரைக் பண்ற நிலைமைக்கு வந்துடுவோம்னு பேசினார், ஒரு வாரம் கூட ஆகல, அவருக்கே லிகமென்ட் போச்சு. வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ ஒரு கணக்கு போட்டுச்சு: இங்கிலாந்து வீரர் ஜூட் பெல்லிங்ஹாம் 21 வயசுக்குள்ள ஆடின நிமிஷம் 18,000க்கு மேல. பெக்காம் அதே வயசுல ஆடினது 4,000 கூட இல்ல. பெக்காம் அப்புறம் எத்தனை வருஷம் ஆடினார்னு நமக்குத் தெரியும், இந்தப் பசங்க எவ்வளவு நாள் ஆடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆனா போட்டிங்க மட்டும் கூடிட்டே போகுது, 2025ல கிளப் உலகக் கோப்பையை 32 டீமா ஆக்கினாங்க.

இப்ப நான் சந்தோஷமா எழுதற பகுதிக்கு வந்துட்டேன். 2024ல ஹான்சி ஃப்ளிக் வந்தார், கூட புது ஃபிட்னஸ் கோச்சா ஹூலியோ தௌஸ் வந்தார். சீசன் ஆரம்பத்துல ஃப்ளிக் பெட்ரியை நிறைய மேட்ச்ல அறுபது எழுபது நிமிஷத்துல வெளிய எடுத்துடுவார், அவன் நல்லா ஆடிட்டு இருந்தாலும் எடுப்பார். நான் முதல்ல கத்தினேன், ஏன்யா இவனை எடுக்கறேன்னு. ரெண்டு மாசம் கழிச்சு தான் புரிஞ்சது, 2021ல யாரும் செய்யாததை இந்த மனுஷன் செய்யறார்னு. அவனும் சாப்பாடு, தூக்கம், ஜிம்னு எல்லாத்தையும் மாத்திக்கிட்டான். அந்த சீசன் பார்சாவுக்கு 59 மேட்ச் ஆடினான், டீம்லயே அவன் தான் அதிகம். லீக், கோபா டெல் ரே, சூப்பர் கப், மூணும் ஜெயிச்சாங்க. சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனல்ல இன்டர்கிட்ட ரெண்டு மேட்ச்சும் சேர்த்து 7-6ன்னு போனது வேற வருத்தம்.

என்னைக் கேட்டா அவன் கேரியர்ல கோல்டன் பாயை விட, யூரோ விருதை விட, இந்த 59 தான் பெருசு. 18 வயசுல 73 மேட்ச் ஆடினது அவன் கைல இல்ல, இறக்கினாங்க, ஆடினான். இந்த 59 அவனும் அவனைச் சுத்தி இருந்தவங்களும் உக்காந்து யோசிச்சு பொறுமையா கட்டினது.

2025 ஏப்ரல் 26 கோபா டெல் ரே ஃபைனல், செவியால, மாட்ரிட் கூட. லெவல் பத்தலன்னு அனுப்பின அதே மாட்ரிட். 28வது நிமிஷம், கூட ஆடற யமால் பக்கவாட்டுல இருந்து பாலை விடறான், பாக்ஸ் ஓரத்துல பெட்ரி, நிறுத்தல, லா பௌசா எல்லாம் இல்ல, வந்த பாலை அப்படியே முழு வேகத்துல மேல மூலையில அடிச்சான். எக்ஸ்ட்ரா டைம்ல கூண்டே கோல் போட்டு 3-2. எல்லாரும் கோலைப் பாத்து கத்திட்டு இருந்தாங்க, நான் ரீப்ளேல அவன் தொடையைப் பாத்துட்டு இருந்தேன். அந்தத் தசை, அவ்வளவு பலமா இழுத்து அடிச்சும், ஒண்ணும் ஆகல. ஓடினான், குதிச்சான், மேல வந்து விழுந்தவங்களைத் தாங்கினான்.

2025 அக்டோபர் 26 மாட்ரிட்டோட பெர்னபேவு ஸ்டேடியத்துல மறுபடி மாட்ரிட் மேட்ச். 2-1 தோல்வி, கடைசி நிமிஷத்துல ரெண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளிய போனான். பெட்ரிக்கு ரெட் கார்டான்னு எல்லாரும் அதையே பேசிட்டு இருந்தாங்க, மறுநாள் கிளப்ல இருந்து செய்தி வந்துச்சு, இடது ஹாம்ஸ்ட்ரிங் கிழிஞ்சிருக்குன்னு. ஃபோனைக் கவுத்து வெச்சிட்டேன். அப்புறம் ஆறி வந்து ஆடினான்.

அவனை சப் பண்ணி வெளிய எடுக்கும்போது இப்பல்லாம் நான் கத்தறதே இல்ல. நாலாவது ரெஃப்ரி போர்டுல 8ன்னு காட்டுவார், அவன் கோட்டைப் பாத்து நடந்து வருவான். அந்த இருபது முப்பது அடி தூரம் கேமரா அவன் மேல இருக்கிற வரைக்கும் நான் அவன் கையை மட்டும் பாத்துட்டு இருப்பேன். ரெண்டு கையையும் தூக்கி ரசிகர்களுக்குத் தட்டினான்னா, அன்னைக்கு ஸ்கோர் என்னவா இருந்தாலும் நான் நிம்மதியா தூங்கப் போயிடுவேன்.